விரலில் மூன்று சுற்று

காலையில் நான்கு, மத்தியானம் ஒன்று, இரவில் மூன்று என்று ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை விழுங்குகிறேன். மருமகள் எடுத்துக் கொடுத்தாலும் ஒருமுறை எண்ணிப் பார்க்காமல் வாயில் போடுவதில்லை. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் போனால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், நடத்துனர் எத்தனை பேருக்குச் சீட்டுக் கொடுத்தார் என்று தெரியாமல் என்னால் இறங்க முடியாது. வீட்டில் இதை நோய் என்கிறார்கள். இருக்கட்டும். முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு வேறு என்ன நோய் வரும்?

என் எண்ணிக்கையை நாலு பேர் காது கேட்கத் தப்பு என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் என் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு நான் எண்ணியது சரி. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் சந்தேகமில்லை.

எங்கள் குப்பத்தில் அறுபத்து நான்கு வீடுகள். கிழக்கே மணல்மேடு தாண்டினால் கடல், மேற்கே வாசலில் இறங்கினால் ஏரி. ஏரி பெரிதாக இருக்கிறதே என்று யாரும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. நல்ல இடங்களுக்கெல்லாம் முறை உண்டு. அந்த இடத்தைப் பாடு என்போம். எங்களுக்கு இருந்த பாடுகளில் முகத்துவாரத்தைத் தாண்டி ஏரி உள்ளே திரும்புகிற இடத்தில் இருந்ததுதான் பெரியது. கடல்தண்ணீர் ஏறும்போது மடவையும் இறாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். தண்ணீர் வற்றும்போது அந்த வழியாகத்தான் திரும்பும். தண்ணீர் ஏறி நிற்கிற நேரம் பார்த்துக் கழி நட்டுச் சுற்றி வளைத்து வலை கட்டுவார்கள். வற்றி முடிந்ததும் தூக்குவார்கள். ஒரு பகல் வேலை.

ஊரில் மொத்தம் இருபத்தொரு கூட்டு. கூட்டுக்கு ஐந்து பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை முடிவாகும். அந்த வரிசைப்படி இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை ஒரு கூட்டுக்கு அந்தப் பாடு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் தண்ணீர் ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். மீனும் அப்படித்தான். அந்த நாளில் முறை விழுந்தவன் வீட்டில் முதல் நாளே கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

இந்த முறையில் ஒரு கட்டு இருந்தது. ஊரில் ஓர் உயிர் போனால், உடலை எடுத்து அடக்கம் செய்யும்வரை எந்த வலையும் தண்ணீரில் நனையக் கூடாது. ஏற்கெனவே நனைந்திருந்தால் அவிழ்த்து மீனை விட்டுவிட வேண்டும். அன்றைக்கு யார் முறையோ அவர்களுக்கு அந்த நாள் போனதுதான். ஒரு நாள் தள்ளிக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. மறுநாள் அடுத்த கூட்டின் நாள். அவிழ்த்துவிட்ட மீனும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் போய்ச் சேரும்.

என் நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், தொடர்ந்து மூன்று முறை சரியில்லை. முதல் தடவை கழி முறிந்தது. இரண்டாம் தடவை வலை கிழிந்தது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தும் வலையில் பாதிக்குமேல் சொறிதான் கிடந்தது, கூழ்போல வழுக்கி, தொட்டால் அரிக்கிற கடல்சொறி. இதில் நைனாவின் தப்பு என்ன என்று இப்போது நான் கேட்பேன். கூட்டில் இருந்த மற்ற நாலு பேர் அப்படிக் கேட்கவில்லை. கை ராசியில்லை என்றார்கள். நாலாவது முறையும் இப்படிப் போனால் அவருடைய இடத்தில் வேறு ஆளைச் சேர்ப்பது என்று முடிவு செய்து, அதை நைனாவிடம் மரியாதையாகச் சொல்லியும் விட்டார்கள். கூட்டில் இடம் போனவன் ஊரிலேயே இருக்கலாம். ஆனால் எந்தப் பாட்டிலும் கால் வைக்க முடியாது. ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் கைவலையை இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். நைனா அந்த வாரம் முழுக்க யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை.

நான்தான் சிலேட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்று இருபத்தொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் நாலாவது முறை மார்கழி அமாவாசையில் விழுந்தது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அமாவாசை. நைனாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். சிலேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி தன் தட்டில் இருந்த கெண்டைத் தலையை என் தட்டில் வைத்தார்.

அமாவாசை எங்கள் கூட்டுக்கு. மறுநாள் பெரிய மாமாவின் கூட்டுக்கு.

மாமா வீடு எங்கள் வீட்டிலிருந்து ஒன்பதாவது வீடு. நெட்டையான மனிதர். சிரித்தால் தெரு முனைவரை கேட்கும். வலை தைப்பதில் அவரும் அம்மாவும் ஒரே மாதிரி. ஊரில் எல்லோரும் முடிச்சின் வாலை வலப்பக்கம் மடித்துச் செருகினால் இவர்கள் இருவர் மட்டும் இடப்பக்கம் செருகுவார்கள். அவர்களுடைய அப்பா இடக்கைக்காரர், அவரிடம் பழகியது. காய்கிற வலையைப் பார்த்தே இந்த வலைக்கண் அந்த வீட்டுக் கை என்று யாரும் சொல்லிவிடலாம்.

அமாவாசைக்கு எட்டு நாள் இருக்கும்போது சின்னத் தாத்தா படுத்துவிட்டார்.

அவர் நைனாவின் சித்தப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டை ஒட்டி, ஓடைக்கரையில், தனியாக ஒரு சின்னக் குடிசையில் இருந்தார். அவர் எந்தக் கூட்டிலும் கிடையாது. வாழ்நாள் முழுக்கத் தூண்டில்தான். எங்கள் ஊரில் தூண்டில் போடுகிறவனை யாரும் தொழில்காரனாக நினைப்பதில்லை. பொழுது போகாதவன் வேலை அது. ஆனால் அவர் உயிருள்ள இறாலைக் கொக்கியில் மாட்டி, நூலை விரலில் சுற்றிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் ஒரே ஒரு கொடுவா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வலைக்காரர்கள் அதைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவருக்கு முறையும் கிடையாது, கட்டும் கிடையாது. எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டில் தூண்டிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

படுத்த மூன்றாம் நாள் கஞ்சியும் இறங்கவில்லை. பொன்னேரியிலிருந்து வந்து பார்த்த வைத்தியர் வயதைக் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. அப்படியானால் சரி என்று போய்விட்டார்.

அந்த எட்டு நாளும் ஒரு மனிதனுக்கு ஊர் அவ்வளவு மரியாதை செய்து நான் பார்த்ததில்லை. நைனா தினமும் அவர் கால்களுக்கு எண்ணெய் தேய்த்தார். கூட்டாளிகள் நாலு பேரும் ஆளுக்கொரு வேளை வந்தார்கள். இளநீர் ஆறு, தேன் ஒரு புட்டி, ஆரம்பாக்கம் போய் வாங்கிவந்த ஆட்டுக்கால் ஒரு ஜோடி. இன்னொரு பக்கம் மாமாவும் அவர் கூட்டாளிகளும் வந்தார்கள். வாசலில் நின்று, எப்படி இருக்கிறார் என்று துக்கமாகக் கேட்டுவிட்டு, துக்கமாகவே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. சின்னத் தாத்தாதான் புரியவைத்தார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கணக்கு என்றுதான் கூப்பிடுவார்.

"டேய் கணக்கு, அமாவாச அன்னிக்கிக் காலைல நான் செத்தா உங்க நைனாவுக்கு நஷ்டம். சாயங்காலம் செத்தா மறுநாளுதான் எடுப்பாங்கோ, உங்க மாமனுக்கு நஷ்டம். என்னாட்டம் ஆளு ஊர்ல எவனாவது கீறானா பாரு" என்றார். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நான் நூற்று நாற்பதுவரை எண்ண வேண்டியிருந்தது.

அமாவாசையன்று பொழுது விடியும்போது அவர் உயிரோடு இருந்தார். நைனா அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பள்ளிக்கூடம் வேண்டாம், தாத்தா பக்கத்தில் உட்கார், உதடு காய்ந்தால் துணியை நனைத்து வை என்று சொல்லிவிட்டுக் கழிகளோடு படகேறினார். அம்மா தன்பாட்டுக்கு இங்கும் அங்குமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் நூறு எண்ணுவதற்குள் பதினாலு மூச்சு.

தண்ணீர் ஏறி நின்ற நேரம். தூரத்தில் கழி அடிக்கும் சத்தம் கேட்டது. தாத்தா கண்ணைத் திறந்தார்.

"தூண்டில எடு."

"இன்னாத்துக்குத் தாத்தா?"

"தண்ணி ரொம்பி கீது. கொடுவா ஓடைக்கு வரும். எடு."

கூரையில் செருகியிருந்த நூலை எடுத்தேன். முறுக்கிய பருத்தி நூல், கையோடு கையாக வழவழப்பாகியிருந்தது. ஓடையில் ஒரு இறாலைப் பிடித்து, அவர் செய்வதுபோலவே வாலுக்குக் கொஞ்சம் மேலே கொக்கியில் மாட்டி, ஆழமான இடம் பார்த்து வீசினேன். குடிசைக்கும் தண்ணீருக்கும் நடுவே என் காலுக்கு இருபத்திரண்டு அடி மணல். நூலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நேராகக் கொடுத்தால் மீன் இழுக்கும்போது கை வலிக்குமே என்று வாசல்காலை ஒட்டி வளைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அது என் சொந்த யோசனை. தாத்தா பாராட்டினார் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர் கவனிக்கவில்லை. வலது கை ஆட்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கையாலும் பல்லாலும் முனையை இழுத்து இறுக்கினார். இரண்டு சுற்று. நான் ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன், நல்ல வெளிச்சம் இருந்தது, எனக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது.

"உங்க நைனா வல தூக்கற வரிக்கும் இத்த அவுக்கக் கூடாது, தெரியுதா? வெரலு ஆடுச்சின்னா கணக்கு வச்சிக்க. எவன் வந்து கேட்டாலும் கணக்கச் சொல்லு" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

இது எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். அதன் பிறகு நான் மூச்சை விட்டுவிட்டு விரலை எண்ண ஆரம்பித்தேன். சின்ன மீன்கள் இறாலைக் கொத்தும்போது விரல் லேசாக நடுங்கும். சில சமயம் அவரே நூலைச் சுண்டிப் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணினேன், ஆடியது ஆடியதுதானே.

விடிந்ததும் ஒருமுறை வந்து போயிருந்த மாமா, வெயில் ஏறியபின் மறுபடி வந்தார். நான் அறுபத்தொன்று என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தாத்தா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"வாப்பா. நாளைக்கி வலையெல்லாம் ரெடியா?"

மாமாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அய்ய, அதெல்லாம் ஒண்ணும் இல்ல பெரியவரே. ஒடம்பு எப்டி கீதுன்னு பாக்கத்தான் வந்தேன்."

"பாத்துட்ட இல்ல."

மாமா கொண்டுவந்த இளநீரை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்த எட்டு நாளில் அது ஏழாவது இளநீர். தாத்தா அதில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, ஏழையும் நான்தான் குடித்தேன்.

பழவேற்காட்டிலிருந்து மத்தியான பாங்குச் சத்தம் தண்ணீர்மேல் வந்தபோது எண்பத்தேழு ஆகியிருந்தது. அம்மா வந்து, வீட்டில் சோறு வைத்திருக்கிறது, போய்த் தின்றுவிட்டு வா, அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எண்பத்தேழு என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனேன். இறால் தொக்கு இருந்ததால் கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது தாத்தாவைத் துப்பட்டியால் கழுத்து, முகம் எல்லாம் சேர்த்து மூடியிருந்தாள். வலது கை மட்டும் வெளியே இருந்தது. அம்மாவின் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள். அந்தக் குடிசையில் எட்டு நாளாக அடுப்பே எரியவில்லை.

"ஈ மொய்க்குது, அதான் மூடிக்கிறேன். மொகத்தத் தொறக்காத. நீ வெரல மட்டும் பாரு. நீ போனப்பறம் பன்னண்டு வாட்டி ஆடுச்சு, சேத்துக்க."

நான் எண்ணாததை என் கணக்கில் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டைத் தனியாக வைத்துக்கொண்டேன். விரலைப் பார்த்தேன். நூல் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.

அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் விரல் ஆடியது. காலையில் ஆடியதுபோல் இல்லை. முழு விரலும் வெடுக்கென்று முன்னால் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி. பிறகு விடாமல் ஒன்பது தடவை, பத்து தடவை. ஒரு சமயம் மணிக்கட்டுவரை பாயில் நகர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாத்தாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

தண்ணீர் நன்றாக இறங்கத் தொடங்கிய பிறகு மாமா மூன்றாவது தடவையாக வந்தார். இந்தத் தடவை தனியாக வரவில்லை. அவர் கூட்டாளிகள் இருவர் பின்னால் வந்து வாசலில் நின்றார்கள். ஒருவர், மத்தியானத்திலிருந்து பொம்பளைங்க யாரையும் உள்ளே விடவில்லையாமே என்று பொதுவாகக் கேட்டார். நானே பதில் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னால் எண்பத்தேழு, அதையும் சேர்த்து இதுவரை நூற்றுப் பதினெட்டு, மத்தியானத்துக்குமேல்தான் நன்றாக ஆடுகிறது என்றேன். மாமா குனிந்து உள்ளே வந்து பாய் ஓரத்தில் குந்தினார். துப்பட்டியின் முனையைப் பிடித்தார்.

"அண்ணே" என்றாள் அம்மா.

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி வத்த இன்னும் கொஞ்ச நேரந்தாங் கீது."

அவ்வளவுதான் சொன்னாள். மாமா துப்பட்டியை விட்டார். விரலைப் பார்த்தார். வெடுக்கென்று ஆடியது. அவர் அதைப் பார்க்காமல் முடிச்சைப் பார்த்தார். தன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து அந்த முடிச்சை உருட்டிப் பார்த்தார், வலைக்காரன் கடையில் நூலை உருட்டிப் பார்ப்பதுபோல. முடிச்சின் வால் இடப்பக்கம் செருகியிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அப்படி அவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. என் கவலை வேறு.

"மாமா, இதுல ஒரு தப்பு கீது. காலைல தாத்தா ரெண்டு சுத்துதான் சுத்தினாரு. இப்ப மூணு சுத்து கீது" என்றேன்.

அம்மாவின் கை முந்தானையோடு அப்படியே நின்றது. வாசலில் நின்றவர் தலையை உள்ளே நீட்டினார். "பையன் இன்னாமோ சொல்றானே?"

"தப்பா எண்ணிட்டான்" என்றார் மாமா. "மூணுதான். காலைல வந்தப்ப நானே பாத்தேன்."

"இல்ல மாமா, ரெண்டு."

"மூணு மாப்ள. சின்னப் புள்ள, தூங்கி வழிஞ்சிருப்ப." எழுந்தார். வெளியே போய், அவர் கெட்டி உடம்பு, இன்னும் ரெண்டு நாள் தாங்கும், வாங்க போகலாம் என்று கூட்டாளிகளைத் தோளில் தட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நான் தூங்கி வழிந்தேனாம். இருபத்தொன்றாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறவன் இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருந்தேனாம். அம்மாவாவது எனக்காகப் பேசியிருக்கலாம். அவள் திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. அண்ணனோடு சேர்ந்து அவளும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

கோபத்தோடு எண்ணினேன். கோபத்திலும் ஒன்றைக்கூட விடவில்லை.

இருநூற்று மூன்றில் இருக்கும்போது முகத்துவாரத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ஆண்கள் மகிழ்ச்சியில் போடுகிற கூச்சல். பிறகு படகுகள் வந்தன. நாற்பத்தாறு கூடை மடவை, பதினோரு கூடை இறால். அந்த மார்கழியில் யாருக்கும் அவ்வளவு விழவில்லை. நைனா முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்து குடிசை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"தூக்கியாச்சா?" என்று கேட்டாள்.

"தூக்கியாச்சு."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு, தாத்தாவைப் பார்த்து, "போயிட்டியே நைனா, எங்கள உட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒப்பாரியை எடுத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரல் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அழாதே, இன்னும் ஆடுகிறது, பார், இதோ ஆடுகிறது என்று கத்தினேன். ஒப்பாரி கேட்டு ஊர்ப் பெண்கள் ஓடிவந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் மூடிய உடம்பில் ஒரு விரல் மட்டும் வெடுக் வெடுக்கென்று ஆடுவதைக் கண்டு அலறிப் பின்வாங்கினார்கள். ஆடுகிறதா ஆடவில்லையா என்று வாசலில் பெரிய குழப்பம். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா உள்ளே வந்தார். இடுப்பிலிருந்து வலை அறுக்கிற கத்தியை எடுத்தார். விரலுக்குப் பக்கத்தில் நூலை அறுத்தார்.

விரல் நின்றது.

அறுந்த நூல் பாயிலிருந்து எழும்பி, வாசல்காலை உரசிக்கொண்டு வெளியே ஓடியது. பெண்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். மணலில் இருபத்திரண்டு அடியையும் கடந்து தண்ணீருக்குள் இறங்கி, ஓடையின் ஆழமான பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது. தண்ணீர்மேல் ஒரு சுழிப்புத் தெரிந்தது. அவ்வளவுதான். திரும்பி வந்தபோது மாமா விரலில் இருந்த மூன்று சுற்றையும் நறுக்கி எடுத்துத் தன் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்துவிட்டதால் மறுநாள்தான் எடுத்தார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் மாமா. மணல்மேட்டில் புதைத்துவிட்டுத் திரும்பும்போது தண்ணீர் ஏறி, நின்று, வற்றவும் தொடங்கியிருந்தது. மாமாவின் கூட்டு அன்று வலையை நனைக்கவில்லை. அவர்களுடைய அடுத்த முறை வந்தபோது தேய்பிறை பாதி, பாட்டில் முழங்காலளவுத் தண்ணீர், ஒன்றரைக் கூடை. அவர் கூட்டாளிகள் அவரோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நைனாவின் இடம் நிலைத்தது. இருபத்தேழு வருஷம், அவர் கால் விழும்வரை, அந்தக் கூட்டில் இருந்தார். அவருக்குக் கை ராசி உண்டு என்று மற்ற நாலு பேரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

ஒரு கொடுவா கொக்கியில் மாட்டினால் சாயங்காலம்வரை எப்படி இழுக்கும் என்பது நானே தூண்டில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் சுற்றிய இரண்டு சுற்றும் தளர்ந்துபோன விரலிலிருந்து கழன்றிருக்கும். மறுபடி சுற்றியவள் பதற்றத்தில் ஒன்று கூடுதலாகச் சுற்றிவிட்டாள். இடப்பக்கம் செருகிய வாலைப் பார்த்ததுமே அது யார் கை என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் வாயைத் திறந்திருந்தால் எங்கள் வலை அவிழ்ந்திருக்கும், மறுநாள் அவருடையதாக இருந்திருக்கும்.

எனக்கு நாற்பது வயதானபோது ஒருநாள் அவரிடமே கேட்டேன். மாமா, அன்னிக்கி ரெண்டுதானே என்றேன். எந்த அன்னிக்கி என்று அவர் கேட்கவில்லை. "மூணு மாப்ள" என்று சொல்லித் தெரு முனைவரை கேட்கிற மாதிரி சிரித்தார். அம்மாவிடமும் கேட்டேன். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் என்று உலையில் அரிசியைப் போடப் போய்விட்டாள். இருவரும் இப்போது இல்லை. ஒருவரும் ஒப்புக்கொள்ளாமலே போய்விட்டார்கள்.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விரல் ஆடிக்கொண்டிருந்தது, மாமா நூலை அறுத்தார், விரல் நின்றது. ஐம்பத்து நான்கு நாள் நான் அவரோடு பேசவில்லை. பொங்கலுக்கு அவர் வாங்கித் தந்த சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போவேன், பத்து அடி. அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும், இன்னா மாப்ள, எத்தினி அடி ஆச்சு என்று கூப்பிட்டுக் கேட்பார்.

அடக்கம் முடிந்து பள்ளிக்கூடம் போன அன்று வாத்தியார், ஏன் இரண்டு நாள் வரவில்லை என்று கேட்டார். எழுந்து நின்று, தாத்தாவின் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா என்றேன். அது எப்படிப் போகும் என்று பின்பெஞ்சில் ஒருவன் கேட்டான். எனக்குத் தெரிந்ததால் தயங்காமல் சொன்னேன். ஆட்காட்டி விரலில் கட்டியிருக்கும். அறுத்தால் வாசல்காலை உரசிக்கொண்டு வெளியே போகும். இருபத்திரண்டு அடி மணலில் ஓடும். ஓடையில் இறங்கி ஆழமான பக்கமாகத் திரும்பும். விரலில் எத்தனை சுற்றுக் கட்டியிருக்கும் என்று அவன் கிண்டலாகக் கேட்டான்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டு என்றேன்.